பத்தாயிரம் ரூபாய் ஜாமீன்: உறவினர் கையெழுத்தா, ரொக்கமா, சொந்தப் பிணையா?

"ஐயா, பத்தாயிரம் கட்டச் சொல்லிட்டாங்க. அதுபோக இரண்டு பேர் ஆளுக்குப் பத்தாயிரமாம். முப்பதாயிரத்துக்கு நான் எங்கே போவேன்?" முந்தானையில் முடிந்துவந்த தோட்டையும் மூக்குத்தியையும் மேசைமேல் வைத்துவிட்டு இப்படிக் கேட்ட தாய்மார்களை, மயிலாடுதுறைப் பகுதியில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே, பணம் இல்லை என்ற பயத்தில் மகனை மேலும் ஒரு வாரம் சிறையில் இருக்கவிட்ட குடும்பங்களும் உண்டு. அந்த முப்பதாயிரத்தில் ஒரு ரூபாயைக்கூட அவர்கள் அன்றைக்குக் கட்ட வேண்டியிருக்கவில்லை. உத்தரவு கேட்டது பணத்தை அல்ல, பணத்துக்கான உறுதிமொழியை. அந்த உறுதிமொழியை எந்தெந்த வழிகளில் கொடுக்கலாம், ஒவ்வொரு வழியும் குடும்பத்திடமிருந்து எதைக் கேட்கிறது என்பதை ஒப்பிட்டுச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

"ரூ.10,000-க்குச் சொந்தப் பிணைப் பத்திரமும் அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும்" என்று நீதிமன்றம் சொல்லும்போது நடப்பது இதுதான்: குற்றம் சாட்டப்பட்டவர், தாம் வாய்தாதோறும் ஆஜராவதாகவும், தவறினால் பத்தாயிரம் ரூபாய் செலுத்துவதாகவும் எழுதிக்கொடுக்கிறார், ஜாமீன்தாரர் இருவரும், அவரை ஆஜர்படுத்துவதாகவும், தவறினால் தலைக்குப் பத்தாயிரம் செலுத்துவதாகவும் எழுதிக்கொடுக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஜாமீன்தாரர் இல்லாத உறுதிமொழியைப் 'பாண்டு' என்றும் ஜாமீன்தாரருடன் கூடியதைப் 'பெயில் பாண்டு' என்றும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. தொகை வழக்கின் சூழ்நிலையைக் கருதியே நிர்ணயிக்கப்பட வேண்டும், அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்று அதன் 484-ஆவது பிரிவு சொல்கிறது; மீறியதாகத் தோன்றினால் குறைக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் உண்டு.

ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்தால் காவல் நிலையத்திலேயே முடிந்துவிடும்; ஊரில் ஸ்டேஷன் பெயில் என்று சொல்வது அதைத்தான். நான் இங்கே பேசுவது, ரிமாண்டுக்கு, அதாவது நீதிமன்றக் காவலுக்குப் போய், நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவு வந்த பிறகு எழும் கேள்வியைப் பற்றி.

முதல் வழி, உறவினரோ ஊராரோ ஜாமீன்தாரராக நிற்பது. கையைவிட்டுப் போகும் பணத்தை மட்டும் கணக்கிட்டால் இதுவே மிகக் குறைந்த செலவுள்ள வழி. பத்திரச் செலவு, வழக்கறிஞர் கட்டணம், வந்துபோகும் பேருந்துக் கட்டணம், அன்றைய கூலி இழப்பு, அவ்வளவே. ஆனால் ஆவணம் கேட்கப்படும். ஆதார் அட்டை, புகைப்படம், இடது பெருவிரல் ரேகை ஆகியவற்றுடன், ஜாமீன்தாரர் அந்தத் தொகைக்குத் தகுதியானவர் என்று காட்ட வீட்டு வரி ரசீது, பட்டா, சம்பளச் சான்று, சில நீதிமன்றங்களில் வண்டியின் ஆர்.சி. புத்தகம், இன்னும் சில இடங்களில் வட்டாட்சியர் தரும் சொத்து மதிப்புச் சான்றிதழ் என்று கேட்பார்கள். கடைசியாகச் சொன்ன சான்றிதழுக்குக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர வேண்டும். உள்ளே இருப்பவருக்கு அந்த நாட்கள் எல்லாம் சிறை நாட்கள்.

டெல்டாவில் இந்தப் 'பட்டா' என்ற சொல்தான் பலரைத் தடுக்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில் நிலங்களும் மடத்து நிலங்களும் ஏராளம். அவற்றை மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுபவர் ஐந்து ஏக்கரில் குறுவையும் சம்பாவும் எடுத்தாலும், அவர் பெயரில் ஒரு சென்ட் நிலத்துக்கும் பட்டா இருக்காது. சொந்த நிலம் உள்ள வீடுகளிலோ, தாத்தா பெயரில் நின்றுபோன பட்டாவும், அண்ணன் தம்பி நால்வர் பெயர் சேர்ந்த கூட்டுப் பட்டாவும்தான் பெரும்பாலும் இருக்கின்றன. நிலம் நிறைய இருப்பதாக ஊர் நினைக்கும் மனிதர் நீதிமன்றத்தில் ஜாமீன் நிற்கத் தகுதியற்றவராகி நிற்பதைக் காண்பது வேதனையான காட்சி.

அப்படி ஒருவரைச் சொல்கிறேன். வரப்புத் தகராறில் கைதான ஓர் இளைஞனுக்குச் செவ்வாய்க்கிழமை ஜாமீன் உத்தரவு கிடைத்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் அவனுடைய பெரியப்பா, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, நிலத்தின் உரிமையாளர் பெயரைக் காட்டும் சிட்டா நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூண்டருகே நின்றார். "எதிரி உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கப்பட்டது. நீதிமன்றத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் என்பது அவருக்குத் தெரியாது. "எனக்கு எதிரி யாரும் இல்லைங்க ஐயா, அவன் என் தம்பி மகன்" என்றார். அந்தப் பதிலில் யாரும் குறை காணவில்லை. குறை சிட்டாவில் இருந்தது. அது இறந்துபோன அவருடைய தகப்பனார் பெயரில் இருந்தது. ஜாமீன் ஏற்கப்படவில்லை, சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை வேறு ஆட்களைத் தேடினார்கள். அதுவரை ஆண்களை மட்டுமே தேடிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்திடம், வீட்டுப் பெண்கள் பெயரில் ஏதும் உண்டா என்று நான் கேட்டேன். அத்தையின் பெயரில் நத்தம் பட்டாவும் வீட்டு வரி ரசீதும் இருந்தன. சித்தி அங்கன்வாடியில் வேலை பார்த்தார், அவருக்குச் சம்பளச் சான்று கிடைத்தது. புதன்கிழமை அந்த இரு பெண்களின் கையெழுத்தில் பையன் வெளியே வந்தான். பெண்கள் ஜாமீன் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; நம் ஊர்ப் பழக்கம்தான் அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது.

ஜாமீன் நிற்பவர் எதை ஏற்கிறார் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தலைமறைவானால், மேலே சொன்ன அதே சன்ஹிதாவின் 491-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அந்தப் பத்திரத்தைப் பறிமுதலுக்கு உரியதாக்கி, தொகையைச் செலுத்து அல்லது ஏன் செலுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் சொல் என்று கேட்கும். செலுத்தாவிட்டால் அபராதத் தொகையைப் போல வசூலிக்கலாம். வசூலிக்கவே முடியாத நிலையில் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் இடமுண்டு. தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது; ஓடிப்போனவரைத் தேடிப் பிடிக்க உண்மையாக முயன்ற ஜாமீன்தாரர் அதைச் சொல்லிக் கேட்கலாம். பொறுப்பிலிருந்து விலக நினைப்பவர் 489-ஆவது பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். அப்போது பிடியாணை பிறந்து, குற்றம் சாட்டப்பட்டவர் வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மீண்டும் உள்ளே போக வேண்டும். ஆகவே ஜாமீன் கையெழுத்து ஒருநாள் வேலை ஆகாது. வழக்கு முடியும்வரை, அது நான்கு ஆண்டானாலும், அந்தக் கையெழுத்து உயிரோடு இருக்கிறது. அதோடு, இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று உறுதிமொழியில் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதால், ஊரில் எல்லோருக்கும் ஒரே மனிதரை அழைத்துப் போவதும் சரிவராது. ஒருவர்மீதே பல வழக்குகள் இருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள் கிடைக்காத நிலையில், ஒரே ஜாமீன்தாரர்களை எல்லா வழக்குகளுக்கும் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் கிரிஷ் காந்தி வழக்கில் அனுமதித்தது. அவர்மீது 13 வழக்குகள் இருந்தன.

இரண்டாவது வழி ரொக்கம். பத்திரத்துக்குப் பதிலாக நீதிமன்றம் குறிக்கும் தொகையை வைப்பாகச் செலுத்த 490-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. இதை நாம் கேட்க வேண்டும். அனுமதிப்பது நீதிமன்றத்தின் விருப்பம். ஆள் தேடும் அலைச்சலும் ஆவணச் சிக்கலும் இதில் இல்லை. குத்தகை உழவர் குடும்பத்துக்கு இது பல நேரங்களில் உடனே திறக்கும் கதவு. வழக்கு முடிந்து, நிபந்தனை எதுவும் மீறப்படாமல் இருந்தால், மனுச் செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் இரு ஜாமீன்தாரர்களின் பங்கான இருபதாயிரம் ரூபாய் டெல்டாவில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் இதன் உண்மையான விலை தெரியும். நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறிய மாதமாக இருந்தால் கையிருப்பு இருக்கும். நடவு நேரமாக இருந்தால் நகைதான் அடகுக்குப் போகும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால், இருபதாயிரத்துக்கு மாதம் இருநூறு; வழக்கு நான்கு ஆண்டு நடந்தால் 9,600 ரூபாய். இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் 19,200, அதாவது ஏறக்குறைய முதல் அளவுக்கே வட்டி. நீதிமன்றத்தில் கிடக்கும் பணம் திரும்பும்; அடகுக் கடையில் கட்டிய வட்டி திரும்பாது.

அதனால் ரொக்கத்தை நான் எப்போதும் இடைக்கால வழியாகவே சொல்லி வந்திருக்கிறேன். பையன் முதலில் வெளியே வரட்டும். பிறகு தகுந்த ஆவணங்களோடு இரு ஜாமீன்தாரர்களைக் கொண்டுவந்து, ரொக்கத்தைத் திருப்பித் தருமாறு நீதிமன்றத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன்; கேட்காமல் விட்ட குடும்பங்களே அதிகம். பணம் கட்டிய அசல் ரசீதை யார் பெயரில் வாங்கினோம், எங்கே வைத்தோம் என்பதில் கவனம் வேண்டும். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தைச் செலுத்திவிட்டு, ஆறு ஆண்டு கழித்து ரசீதைக் காணாமல், மனு மேல் மனுவாக எழுதி அலைந்த ஒரு தந்தையின் மனுக்களை நானே தட்டச்சு செய்திருக்கிறேன்.

மூன்றாவது வழியைப் பற்றிப் பேசவே எனக்கு மனம் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது. நீதிமன்ற வாசல் டீக்கடையில் ஒருவர் வந்து, "ஆள் நான் ஏற்பாடு செய்கிறேன், தலைக்கு இவ்வளவு கொடுங்கள்" என்பார். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சொல்லக் கேட்டோ, படங்களில் பார்த்தோ, இது எல்லா நாட்டிலும் நடக்கும் முறையான தொழில்தானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது உரிமம் பெற்ற தொழில் என்பது உண்மை. அங்கே நீதிமன்றம் பத்தாயிரம் டாலர் ஜாமீன் என்றால், குடும்பம் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கான ஆயிரம் டாலரைப் பெயில் பாண்டு நிறுவனத்துக்குக் கட்டும். நிறுவனம் முழுத் தொகைக்குப் பொறுப்பேற்கும். மறுநாளே வழக்குத் தள்ளுபடியானாலும் அந்த ஆயிரம் டாலர் திரும்பாது. அங்கேயே இல்லினாய், கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சின் ஆகிய மாநிலங்கள் இந்தத் தொழிலைத் தடை செய்திருக்கின்றன. இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18 முதல் ரொக்க ஜாமீன் முறையையே நீக்கிவிட்டது. நம் நாட்டில் அப்படி உரிமம் பெற்ற தொழில் கிடையாது. நம் சட்டத்தில் ஜாமீன்தாரர் என்பவர், குற்றம் சாட்டப்பட்டவரை அறிந்து, அவரைக் கொண்டுவந்து நிறுத்தும் செல்வாக்கு உடையவராக இருக்க வேண்டும். கூலிக்கு வந்தவருக்குக் குற்றம் சாட்டப்பட்டவரின் தகப்பனார் பெயர்கூடத் தெரிவதில்லை. கேள்வி கேட்டவுடன் திணறினால் ஜாமீன் மறுக்கப்படும். கொண்டுவந்த வரி ரசீது போலியானது என்று தெரிந்தால், வெளியே வரக் காத்திருந்தவரின் ஜாமீன் ரத்தாகலாம். ஏற்பாடு செய்த உறவினர்மீதே புதிய வழக்கு வரலாம். கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது. எத்தனை அவசரமானாலும் இந்த வழியில் போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்காவது வழிதான் பலர் அறியாதது. ஏழைக் குடும்பம் முதலில் நினைக்க வேண்டியதும் அதுவே. ஜாமீன்தாரர் இல்லாமல், சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரிலேயே விடுவிக்குமாறு கேட்பது. 1978-இல் மோதி ராம் வழக்கில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தும், வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுக்கப்பட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தக் கொத்தனாரை ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணையில் விடுவிக்க உத்தரவிட்டார். ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில், கைதான நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க இயலாதவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பிணையில் விட 478-ஆவது பிரிவே வழி செய்கிறது. மற்றக் குற்றங்களுக்கு, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்கள் மிகவும் பயனுள்ளவை. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்கப்படவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்த வேண்டுமா என்பதை நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்தும் இடங்களில் அதை விதிக்காமல் இருக்கலாம். வெளியே வந்தால் ஆள் தேடிக் கொடுக்கிறேன் என்று கேட்பவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு இடைக்கால ஜாமீன் தரலாம்.

இதற்குத் தனி வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லாதவர் கலங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆவது பிரிவில், காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. மாவட்டத் தலைநகரில் ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இருக்கின்றன. தொலைபேசியில் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். ஜாமீன் தொகையே தடையாக இருக்கும் விசாரணைக் கைதிக்காக, மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் நாற்பதாயிரம் ரூபாய் வரை உதவ வகை செய்தது. போதைப்பொருள், ஊழல், பணமோசடித் தடுப்பு, சட்டவிரோதச் செயல் தடுப்புச் சட்டங்களின் கீழான வழக்குகளுக்கு அது பொருந்தாது. இந்த வழியின் குறை நேரம்தான்: தொகையைக் குறைக்கவோ ஜாமீன்தாரரைத் தவிர்க்கவோ போடும் மனுவுக்கு எண் கிடைத்து, அரசுத் தரப்புக்கு அறிவிப்புப் போய், உத்தரவு வர நாட்கள் ஆகும்.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும், உத்தரவோடு வரும் நிபந்தனைகளின் செலவு தனியாக இருக்கிறது. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நம் பகுதியில் வழக்கமாக வரும் நிபந்தனை. தினக்கூலிக்குப் போகும் நடவாளோ அறுவடை வண்டி ஓட்டுநரோ பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போட்டால் அன்றைய கூலி போயிற்று. முப்பது நாள் கையெழுத்து, முப்பது நாள் கூலி. ஜாமீன் தொகையை விட இது பெரிதாகிவிடும். சில வாரங்கள் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட பிறகு, நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போட வேண்டும். பலர் அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் வாங்கும் நிலை வந்தால் தூரமும் செலவாகிறது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர் சென்னைக்குப் போக வேண்டும். ஒரத்தநாட்டில் இருப்பவரும் மன்னார்குடியில் இருப்பவரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கினாலும், ஜாமீனுக்கு ஒருவர் தெற்கே பேருந்து ஏறுகிறார், மற்றவர் வடக்கே இரயில் ஏறுகிறார்.

என் முடிவு இதுதான். வீட்டில் யாருக்காவது, ஆணோ பெண்ணோ, அவரவர் பெயரிலேயே வரி ரசீதோ சம்பளச் சான்றோ இருந்தால், உறவினர் ஜாமீன்தான் சிறந்தது. கிடைத்த ஜாமீனை மீறமாட்டான் என்ற நம்பிக்கை உள்ள பிள்ளைக்கு மட்டும் நிற்க வேண்டும். ஆவணம் இல்லை, ஆனால் வட்டியில்லாத கையிருப்போ குறைந்த வட்டிக் கூட்டுறவு நகைக்கடனோ உண்டு என்றால், ரொக்கம் கட்டி ஆளை வெளியே எடுத்துவிட்டு, அதை மாற்றும் முயற்சியை உடனே தொடங்கலாம். கந்து வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தால் ரொக்கத்தை விட்டுவிட்டு, அன்றைக்கே சட்டப் பணிகள் குழுவுக்குப் போய்ச் சொந்தப் பிணைக்கு மனுப் போடுவதே நல்லது. ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போதே, "எதிரி குத்தகை விவசாயி, ஜாமீன்தாரர் தர இயலாதவர்" என்று வழக்கறிஞர் எடுத்துச் சொல்லிவிட்டால், பிறகு தனியாக மனுப் போடும் நாட்களும் மிச்சமாகும்.

உத்தரவு வருமுன்பே செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. ஜாமீன் நிற்கப் போகிறவர்கள் இருவரல்ல, நால்வரின் ஆவணங்களைப் பார்த்துவைக்க வேண்டும்: பெயர் ஆதாரில் உள்ளபடியே ரசீதிலும் இருக்கிறதா, நடப்பு ஆண்டின் வீட்டு வரி கட்டப்பட்டிருக்கிறதா, பட்டாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா. அசல், நகல் இரண்டு பிரதிகள், மூன்று புகைப்படங்கள், வழக்கின் குற்ற எண்ணும் காவல் நிலையத்தின் பெயரும் எழுதிய ஒரு துண்டுத் தாள் ஆகியவற்றை ஒரே பையில் வைத்து, காலை பத்து மணிக்கு முன்பே நீதிமன்ற வளாகத்தில் இருக்க வேண்டும். பிற்பகலில் ஜாமீன் ஏற்கப்பட்டால், விடுதலை ஆணை திருச்சி மத்தியச் சிறைக்குப் போய்ச் சேர மாலை ஆகிவிடும். நாகையிலிருந்து திருச்சி நூறு கிலோமீட்டருக்கும் மேல், அடைப்பு நேரம் தாண்டினால் இன்னும் ஓர் இரவு உள்ளேதான். கிளைச் சிறையாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. அதனால் வெள்ளிக்கிழமையை நம்பாமல், வியாழக்கிழமை காலையிலேயே ஆட்களை அழைத்து வரச் சொல்வேன்.